நீகாட்டாவில் கடல் மட்டத்துக்குக் கீழே வாடகை வீடு: எடுக்கலாமா?

பொன்னிமகன்:
வணக்கம் நண்பர்களே. ஏப்ரலில் எனக்கு ஜப்பானில் நீகாட்டா நகரத்துக்கு மாற்றல். இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று ரயில் நிலையத்துக்குத் தெற்கே, தோயானோ ஏரிப் பக்கம். இன்னொன்று மேற்கு வார்டில், தெராவோ பக்கம். ஜப்பான் அரசின் நில அளவைத் துறை இணையத்தில் வைத்திருக்கும் வரைபடத்தில் இடத்தைத் தொட்டால் உயரம் காட்டுகிறது. ஏரிப் பக்க வீட்டுக்கு மைனஸ் 0.7 மீட்டர். தெராவோ வீட்டுக்கு பிளஸ் 4. மனைவி மைனஸைப் பார்த்ததுமே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஆனால் அலுவலகம், கடை, பள்ளி எல்லாம் அந்த வீட்டுக்குத்தான் பக்கம். அங்கே இருப்பவர்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மாவந்தேன்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மைனஸ் என்றால் மைனஸ்தான். 4 மீட்டர் வீட்டை எடுங்கள். இழையை மூடிவிடலாம்.

வரைபடப்பித்தன்:
மூட வேண்டாம், இப்போதுதான் சுவாரசியமே ஆரம்பிக்கிறது.

பொன்னிமகன், ஒற்றைப் புள்ளியைத் தொட்டுப் பார்ப்பதை விடுங்கள். அதே வரைபடத்தில் உயரத்துக்கு ஏற்ப நாமே நிறம் கொடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே நீலம், 2 மீட்டர் வரை பச்சை, 5க்கு மேல் மஞ்சள் என்று வைத்துப் பாருங்கள். கடலோரமாக நீளவாக்கில் மஞ்சள் பட்டை வரும். அது மணல்மேடு. அதற்குப் பின்னால், உள்நாட்டுப் பக்கம், பெரிய நீலம். கடல் ஓரம் மேடு, உள்ளே பள்ளம். நாம் பழகிய கணக்குக்கு நேர் எதிர்.

அந்த மணல்மேடு ஒற்றை வரிசையும் இல்லை. கடலுக்கு இணையாக ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து வரிசை வரை எண்ணுகிறார்கள். எல்லாவற்றிலும் பழையது கமேடா ஊர்ப் பக்கம், இன்றைய கடற்கரையிலிருந்து 8, 10 கி.மீ. உள்ளே இருக்கிறது. சுமார் ஆறாயிரம் வருடம் முன்பு கடற்கரையே அங்கேதான். ஷினானோ, அகானோ என்ற இரண்டு பெரிய ஆறுகள் மணலைக் கொண்டுவந்து கொட்ட, அலை அதைக் கரையோரமாக இழுத்துப் பரப்ப, காற்று குவிக்க, கடல் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கியது. வரிசைக்கு வரிசை நடுவே தண்ணீர் மாட்டிக்கொண்டு காயலும் சதுப்புமாகக் கிடந்தது. பழைய கிராமங்களையும் கோயில்களையும் குறித்துப் பாருங்கள். முக்கால்வாசி மணல்மேட்டு முதுகிலோ, ஆற்றோரத்தில் வண்டல் படிந்து உயர்ந்த கரையிலோ இருக்கும். பள்ளத்தில் வீடு கட்டியது எல்லாம் பிற்பாடு வந்தவர்கள்.

அடியிலும் பாறை கிடையாது. மேற்கு ஓரத்தில் ஒரு பெரிய நிலப்பிளவு இருக்கிறது. சமவெளி அந்தப் பக்கம் தாழ்ந்துகொண்டே வர, ஆறுகள் அதை நிரப்பிக்கொண்டே வந்திருக்கின்றன. நூறு மீட்டருக்கு மேல் இளம் வண்டல் இருக்கும் இடங்கள் உண்டு.

பொன்னிமகன்:
அருமை அண்ணா. நிறம் போட்டுப் பார்த்தேன், ஒரு தட்டு மாதிரி இருக்கிறது. அப்படியென்றால் மழைத்தண்ணீர் எங்கே போகும்?

மதகுமணி:
தானாக எங்கேயும் போகாது தம்பி. இறைத்துத்தான் வெளியேற்ற வேண்டும்.

நான் வடிகால் வேலைகளில் இருந்தவன், அந்த ஊரையும் பார்த்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் பகுதிக்குக் கமேடாகோ என்று பெயர். ஒரு பக்கம் ஷினானோ ஆறு, இன்னொரு பக்கம் அகானோ, தெற்கே இரண்டையும் இணைக்கும் சிற்றகானோ, வடக்கே மணல்மேடு. நூறு சதுர கி.மீ.க்கு மேல் பரப்பு, அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே. வாய்க்கால்கள் எல்லாம் தோயானோ ஏரியில் வந்து விழும். ஏரியின் நீர்மட்டத்தையே கடல் மட்டத்திலிருந்து 2.5 மீட்டர் கீழே வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து ஓயாமாட்சு நீரேற்று நிலையம் ஷினானோ ஆற்றுக்குள் இறைத்து விடுகிறது. 1968இல் கட்டியபோது அதன் திறன் நொடிக்கு 60 கன மீட்டர். மழைக்கு மட்டும் ஓடுகிற பம்ப் என்று நினைத்துவிடாதீர்கள். வெயில் காயும் நாளிலும் இறைத்தாக வேண்டும்.

பலருக்குத் தோன்றாத ஒரு விஷயம்: ஜப்பான் கடலில் ஓதம் மிகக் குறைவு. நீகாட்டாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சாதாரணமாக ஓரிரு சாண்தான் வித்தியாசம். கியூஷூ தீவில் சாகா சமவெளியும் இதே போலத் தாழ்வான இடம்தான். ஆனால் அதன் முன்னால் இருக்கும் அரியாகே கடலில் ஓதம் 6 மீட்டர் வரை ஏறி இறங்கும். கடல் இறங்கும்போது மதகைத் திறந்தால் நீர் தானே ஓடிவிடும், ஏறும்போது மூடிக்கொள்ளலாம். நீகாட்டாவில் அந்த வித்தை பலிக்காது. அதனால்தான் பம்ப்.

நெல்லுக்காரி:
மதகுமணி சார் சொன்னதற்கு முந்தைய கதை நான் சொல்கிறேன். வேளாண்மை படித்தபோது இந்தக் கமேடாகோ பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது.

பம்ப் வருவதற்கு முன்னால் அந்த இடத்துக்கு ‘வரைபடத்தில் இல்லாத ஏரி’ என்று பட்டப்பெயர். காகிதத்தில் வயல், நேரில் தண்ணீர். இடுப்பளவு, சில இடத்தில் மார்பளவு சேற்றில் இறங்கி நாற்று நட்டார்கள். அறுத்த கதிரைப் படகில் ஏற்றித்தான் கரைக்குக் கொண்டுவர முடியும். வேலை இல்லாத குளிர்காலத்திலும் சும்மா இருக்க முடியாது. ஏரியடிச் சேற்றை வாரிப் படகில் ஏற்றி வந்து சொந்த வயலில் கொட்டுவார்கள், வயல் ஒரு விரல்கடையாவது உயரட்டும் என்று. வருடக்கணக்கில், தலைமுறைக் கணக்கில். அவ்வளவு பாடுபட்டும் ஒரு நல்ல வெள்ளம் வந்தால் அந்த வருட நெல் போச்சு.

1948இல் குரினோகி என்ற இடத்தில் பெரிய நீரேற்று நிலையம் ஓடத் தொடங்கிய பிறகுதான் நிலம் வெளியே தெரிந்தது. அதன்பிறகு வரப்பு, வாய்க்கால் எல்லாம் நேராக்கி, மாடும் இயந்திரமும் இறங்கும் வயலாக மாற்றினார்கள். நகரம் பெருத்ததும் அதே வயலில் வீடு, சாலை, மால். உலகக் கோப்பைக் கால்பந்து நடந்த மைதானம்கூட தோயானோ ஏரிக்கரையில்தான் இருக்கிறது. பொன்னிமகன் தம்பி பார்த்த வீடும் அந்தச் சேற்றில் நிற்கிற வீடாகத்தான் இருக்கும், நல்ல மாதிரியாகச் சொல்கிறேன்!

எதிர்க்கேள்வி:
ஒரு சந்தேகம். இயற்கையாகவே பள்ளமா, இல்லை நாமே அமுக்கியதா? டோக்கியோவின் கிழக்குப் பகுதியில் தொழிற்சாலைகள் நிலத்தடி நீரை உறிஞ்சி, கோட்டோ வார்டில் சில இடம் 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது என்று படித்திருக்கிறேன். இங்கேயும் அதுதானா?

வரைபடப்பித்தன்:
இரண்டும். பள்ளம் முன்பே இருந்தது, மனிதன் இன்னும் ஆழமாக்கினான். ஆனால் நீகாட்டாவில் காரணம் கொஞ்சம் வித்தியாசம். அங்கே ஆழத்தில் இருக்கும் உப்புத்தண்ணீரில் மீத்தேன் வாயு கரைந்திருக்கிறது. 1950களில் அந்தத் தண்ணீரைக் கணக்கில்லாமல் மேலே இறைத்து, வாயுவைப் பிரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்தார்கள். தண்ணீர் போன களிமண் அடுக்குகள் அமுங்கின. உச்சத்தில் துறைமுகப் பக்கம் வருடத்துக்கு அரை மீட்டர் வேகத்தில் நிலம் இறங்கியது. 1959 முதல் கட்டுப்பாடு வந்தது, பிறகு வாயுவைப் பிரித்துவிட்டுத் தண்ணீரை மறுபடி கீழேயே செலுத்தும் முறையும் வந்தது. வேகம் அடங்கியது. இறங்கிய நிலம் இறங்கியதுதான், மேலே வராது.

இன்னொன்று, பழைய வரைபடத்தையும் புதிய வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் கவனிக்கவும்: 2025 ஏப்ரல் 1 முதல் ஜப்பான் முழுவதும் உயர எண்களைச் செயற்கைக்கோள் அளவீட்டை வைத்துத் திருத்தியிருக்கிறார்கள். எண் மாறியிருந்தால் உடனே நிலம் தாழ்ந்துவிட்டது என்று பதறாதீர்கள்.

சும்மாவந்தேன்:
நான் சொன்னதைத்தான் எல்லோரும் சுற்றிச் சுற்றிச் சொல்கிறீர்கள். சேறு, பள்ளம், பம்ப். 4 மீட்டர் வீடு.

மேற்குக்கரை:
மேற்கு வார்டில் இருப்பவள் என்ற முறையில் இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

2024 ஜனவரி 1, நோட்டோ நிலநடுக்கம். மையம் இங்கிருந்து நூற்றைம்பது கி.மீ.க்கு மேல் தள்ளி. அப்படியிருந்தும் எங்கள் வார்டில் சாலை நடுவே மணலும் தண்ணீரும் பீறிட்டு வந்தன. வீடுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன, மதில்கள் நகர்ந்தன, கார் நிறுத்தும் தரை பிளந்தது. இந்த நகரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குச் சேதம். அதிகம் அடிபட்டது எந்த இடம் தெரியுமா? மைனஸ் பள்ளம் இல்லை. மணல்மேட்டின் உள்நாட்டுப் பக்கச் சரிவு வந்து முடியும் அடிவாரம். தெராவோ அதில் முக்கியமானது. அப்புறம் ஷினானோ ஆற்றின் பழைய தடத்தை நிரப்பிக் கட்டிய இடங்கள்.

பொன்னிமகன், அந்த 4 மீட்டர் வீடு தெராவோவில் எங்கே? மேட்டு மேலேயா, சரிவிலா, அடியிலா? எச்சிகோ ரயில் பாதைக்குப் பக்கமா?

பொன்னிமகன்:
ரயில் பாதைக்குப் பக்கம்தான் அக்கா. மேட்டிலிருந்து இறங்கி வரும் சாலையின் கடைசியில்.

மேற்குக்கரை:
அதைத்தான் பயந்தேன்.

மதகுமணி:
ஏன் அடிவாரம் என்று சொல்லிவிடுகிறேன். மேட்டு உச்சியில் மணல் காய்ந்திருக்கும், நிலத்தடி நீர் ஆழத்தில் இருக்கும். மழைத்தண்ணீர் மேட்டுக்குள் இறங்கி அடிவாரத்தில் கசிந்து வரும். ஆகவே அடிவாரத்தில் தளர்ந்த மணலும் உண்டு, அது முழுக்க நீரும் உண்டு. குலுங்கும்போது மணல் துகள்கள் ஒன்றை ஒன்று பிடித்திருந்த பிடி விட்டு, எடை முழுவதும் நீரின் மேல் ஏறுகிறது. கொஞ்ச நேரம் அந்த மண் குழம்பு மாதிரிதான். சரிவும் இருந்தால் இளகியதோடு நில்லாது, பள்ளத்தைப் பார்த்து நகரவும் செய்யும்.

மண் இளகல் என்ற விஷயத்தை உலகமே பாடமாகப் படித்தது இந்த ஊரில்தான். 1964 ஜூன் 16, 7.5 ரிக்டர். கவாகிஷிச்சோ என்ற இடத்தில் நான்கு மாடி அடுக்கு வீடுகள் உடையாமல், சுவரில் பெரிய விரிசல்கூட இல்லாமல், அப்படியே சாய்ந்தன. ஒன்று ஏறக்குறைய படுத்தே விட்டது. அந்த இடம் முன்பு ஷினானோ ஆற்றுப்படுகை. புதிதாகக் கட்டியிருந்த ஷோவா பாலத்தின் தளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றில் விழுந்தன. 1929இல் கட்டிய பண்டாய் பாலம் நின்றது. குரினோகி பம்ப் நிலையமும் அன்று பலத்த அடி வாங்கியது. பிறகு அதன் வேலையை ஓயாமாட்சு எடுத்துக்கொண்டது.

எதிர்க்கேள்வி:
சரி, ஆனால் ஏரிப் பக்கம் மட்டும் இளகாதா? அங்கேயும் நீர் மேலேதானே இருக்கிறது? ஒரு ஆபத்தைக் காட்டி இன்னொன்றை மறைக்கிற மாதிரி இருக்கிறது.

மதகுமணி:
நியாயமான கேள்வி. பழைய காயல் படுகையில் மேலே பெரும்பாலும் களிமண்ணும் மக்கிய நாணலும். அது மணல் போல இளகாது, மெதுவாக அமுங்கும். ஆனால் அதற்குள்ளேயும் பழைய சிற்றாற்றுத் தடங்கள், மணல் கொட்டி உயர்த்திய மனைகள் உண்டு. அவை இளகும். ஆகவே ஏரிப் பக்கம் மொத்தமும் பத்திரம் என்று நான் சொல்லவே இல்லை. தெருவுக்குத் தெரு மாறும்.

வெள்ளம் தனிக்கணக்கு. 1998 ஆகஸ்ட் 4 அன்று ஒரே மணி நேரத்தில் 97 மி.மீ., ஒரு நாளில் 265 மி.மீ. கொட்டியது. பம்ப் ஓடிக்கொண்டிருந்தும் வீடுகளில் தண்ணீர் ஏறியது. ஆறு உடையவில்லை, ஊருக்குள் பெய்த மழைதான். அதற்குப் பிறகு தோயானோவில் இன்னொரு நீரேற்று நிலையம் சேர்த்தார்கள்.

வரைபடப்பித்தன்:
ஆறு உடைவது பற்றிப் பேச்சு வந்ததால் ஓகோசு பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1896இல் யோகோட்டா என்ற இடத்தில் ஷினானோ கரை உடைந்து சமவெளி முழுவதும் மூழ்கியது. மாதக்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. ஏன் வடியும்? கடலோரம் மணல்மேடு வரிசையாக மறித்து நிற்கிறதே. ஆறு கடலுக்கு நேராகப் போகாமல் மணல்மேட்டுக்குப் பின்னால் நெடுந்தூரம் ஊர்ந்து நீகாட்டாவில்தான் வாய் திறக்கிறது. ஆனால் அதற்கு வெகு முன்னாலேயே, ஓகோசு என்ற இடத்தில், ஆறும் கடலும் பத்து கி.மீ. இடைவெளியில் வந்துவிடுகின்றன. நடுவே மலை. அதை வெட்டி வெள்ளத்தை அங்கேயே கடலில் விட்டால் என்ன என்று எடோ காலத்திலிருந்தே (ஷோகன்கள் ஆண்ட 1603–1868) விவசாயிகள் மனுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1870இல் ஒரு முறை தொடங்கி 1875இல் கைவிட்டார்கள். 1909இல் மறுபடி தொடங்கி, நடுவே பெரும் மண்சரிவுகளைத் தாண்டி, 1922இல் தண்ணீர் விட்டார்கள்.

ஐந்து வருடத்தில் பிரச்சினை. வெட்டிய வாய்க்காலில் சரிவு அதிகம், வேகம் அதிகம். 1927இல் நீர் அடிமண்ணை அரித்து மதகணை சரிந்தது. ஆறு முழுவதும் புதுவழியில் போய்விட, பழைய வழியில் வயலுக்கும் தண்ணீர் இல்லை, ஊருக்குக் குடிக்கவும் இல்லை. அதைச் சீர்செய்ய வந்தவர் அவோயாமா அகிரா. பனாமா கால்வாய் கட்டுமானத்தில் வேலை பார்த்த ஒரே ஜப்பானியப் பொறியாளர், டோக்கியோவில் அரகாவா வெள்ளக்கால்வாயையும் நடத்திக் கொடுத்தவர். 1931இல் வேலை முடிந்ததும் அங்கே வைத்த நினைவுக்கல்லில் ஜப்பானிய மொழியோடு, எல்லா நாட்டாருக்கும் பொதுவாக உருவாக்கிய எஸ்பெராண்டோ மொழியிலும் எழுதினார்கள். தன் பெயரை அதில் போடவில்லை மனிதர்.

இப்போது எப்படி என்றால், சாதாரண நாளில் நீகாட்டா பக்கம் நொடிக்கு 270 கன மீட்டர் வரை விடுகிறார்கள், மிச்சம் நேரே கடலுக்கு. கீழே வெள்ளம் என்றால் அந்தப் பக்க மதகை முழுதாக அடைத்துவிடலாம். நீகாட்டாவின் நடுவில் ஓடும் ஆறு திறந்து மூடும் குழாய் மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் குறைந்ததால் ஆற்றையே சுருக்கிவிட்டார்கள். 1886இல் கட்டிய முதல் பண்டாய் பாலம் 782 மீட்டர் நீளம். இன்று நிற்கும் பாலம் ஏறக்குறைய 307 மீட்டர். வித்தியாசம் முழுவதும் இப்போது கட்டடம்! 1964இல் சாய்ந்தவை ஏன் சாய்ந்தன என்பதற்கு இதிலும் பாதிப் பதில் இருக்கிறது.

நெல்லுக்காரி:
அகானோ கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆறும் முன்பு ஷினானோவின் முகத்துவாரத்தில்தான் கலந்தது. 1730இல் ஷிபாட்டா சிற்றரசு தன் வயல்களை வடிக்க மாட்சுகசாக்கி என்ற இடத்தில் மணல்மேட்டை வெட்டிக் கலுங்கு ஒன்று கட்டியது. உபரி மட்டும் வழியட்டும் என்று கணக்கு. மறு வருடமே பனி உருகி வந்த வெள்ளம் கலுங்கை அடித்துக்கொண்டு போய், ஆறே அந்த வழியைப் பிடித்துக்கொண்டது. ஷிபாட்டாவுக்கு நிலம் கிடைத்தது, நீகாட்டா துறைமுகம் தண்ணீர் குறைந்து தூர்ந்தது. இன்றும் அகானோ அங்கேதான் கடலில் விழுகிறது.

எதிர்க்கேள்வி:
ஓகோசுவைப் புகழ்கிறீர்கள், ஆனால் அதனால் நீகாட்டா கடற்கரைக்கு வரவேண்டிய மணல், அந்த வாய்க்கால் கடலில் விழும் தெராடோமாரி பக்கம் போய்விட்டதே? நகரத்தின் முன்னால் கரை நூறு நூறு மீட்டராக அரிக்கப்பட்டதற்கு அது ஒரு முக்கியக் காரணம் இல்லையா? ஊரைக் காக்கும் மணல்மேட்டின் முன்பக்கத்தையே கடல் தின்கிறது.

வரைபடப்பித்தன்:
ஆமாம், துறைமுகத் தடுப்புச் சுவரும், நிலம் தாழ்ந்ததும் சேர்ந்துகொண்டன. இப்போது கரை முழுக்க கான்கிரீட் தடுப்புகள். அங்கே மணல் குறைய, தெராடோமாரியில் கடற்கரை வளர்ந்துகொண்டிருக்கிறது. அதற்காக ஓகோசுவை மூட யாரும் சொல்ல மாட்டார்கள். 2015 முதல் அதன் கடல்வாயை 180 மீட்டரிலிருந்து 280ஆக அகலப்படுத்தும் வேலையைத் தொடங்கி நடத்துகிறார்கள், மலையைக் குடைந்து.

பொன்னிமகன்:
நிறையத் தெரிந்துகொண்டேன். எனக்கு இன்னும் வீடு முடிவாகவில்லை :) மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது. ஏரிப் பக்கமே, ஐந்து மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி. உயரம் பிளஸ் 0.3. என்ன பார்க்க வேண்டும்?

மேற்குக்கரை:
தரகரிடம் அபாய வரைபடத்தைக் கேளுங்கள். 2020 ஆகஸ்ட் முதல், ஒப்பந்தத்துக்கு முன்னால் வெள்ள அபாய வரைபடத்தில் வீடு எங்கே இருக்கிறது என்று காட்டிச் சொல்வது அவர்கள் சட்டக் கடமை. ஆனால் அது வெள்ளத்துக்கு மட்டும்தான். மண் இளகல் வரைபடம் தனியாக இருக்கிறது, நீங்களாகத்தான் தேட வேண்டும்.

மதகுமணி:
மூன்றாவது மாடி என்றால் தண்ணீர் உங்களைத் தொடாது. மின்தூக்கியையும் மின்பலகையையும் தொடும். அவை தரைத்தளத்தில் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று நேரில் போய்ப் பாருங்கள். ஐந்து மாடிக் கட்டடத்துக்கு அந்த மண்ணில் தூண் அடித்துத்தான் கட்டியிருப்பார்கள், அதையும் கேட்டு உறுதிசெய்யுங்கள். வாசற்படிக்கும் தரைக்கும் நடுவே பிற்பாடு போட்ட ஒரு படி கூடுதலாக இருந்தால், சுற்றியுள்ள நிலம் அமுங்கியிருக்கிறது, கட்டடம் நிற்கிறது என்று பொருள். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் குழாய் இணைப்புகளை மாற்றினார்களா என்று விசாரியுங்கள்.

சும்மாவந்தேன்:
அப்போ மூன்றாவது மாடி. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். கார் எங்கே நிறுத்துவார்?

மேற்குக்கரை:
இது நல்ல கேள்வி! அங்கே பல கட்டடங்களில் நிறுத்துமிடம் தரைக்கு அடியில் பாதி இறங்கியிருக்கும், அடுக்கு இயந்திரம் போட்டு. கீழ்த் தட்டு கிடைத்தால் வாங்காதீர்கள் பொன்னிமகன். கொஞ்சம் நடந்தாலும் பரவாயில்லை, பழைய ஊர்ச் சாலை ஓரமாக மாத வாடகை நிறுத்துமிடம் பாருங்கள். அந்தச் சாலைகள் பெரும்பாலும் பழைய ஆற்றங்கரை மேட்டு மேல் போகிறவை, ஒரு மீட்டராவது உயரம் கிடைக்கும்.